இரண்டு மூட்டை சீனி

மாசி 27, வெள்ளி. எட்மண்டன்.

எங்கள் பங்கு ஃபாதர் இன்று நான் வைன் செய்யும் இடத்துக்கே வந்துவிட்டார். உயிர்த்த ஞாயிறு பூசைக்கு என்னுடைய வைன்தான் வேண்டுமாம்.

"தனித் திராட்சைதானே? வேற ஏதும் கலந்திருந்தா பூசைக்கு எடுக்க ஏலாது."

"ஓம் ஃபாதர்" என்றேன்.

போன வருடப் பழம் வெயில் காணாத புளிப்பு. நொதிக்க வைத்தபோது இரண்டு மூட்டை சீனி போட்டேன். விற்கிற வைனுக்கு அது பிழையில்லை. மூட்டையை அவிழ்த்துத் தந்தவள் என் மனைவி றோஸ். ஃபாதர் கேட்டபோது பக்கத்தில்தான் நின்றாள்.

சாப்பிடும்போது சொன்னாள்: "நீங்களே போய்ச் சொல்லுங்கோ. இல்லாட்டி உயிர்த்த ஞாயிறு பூசையில நான் நற்கருணை வாங்கமாட்டன்."

நாளை பாவசங்கீர்த்தனம்; செய்த பாவங்களை ஃபாதரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். இங்கே தமிழில் கேட்பவர் அவர் ஒருவர்தான்.