மடிப்பில் ஒரு வெட்டு

லினெட்டுக்கு,

உழவர்கரையில் உன் அம்மா வீட்டில் நீயும் மெரினும் சுகம்தானே? உப்பளத்தில் மழை விட்டுவிட்டது.

என் மகனுடைய முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள், அவன் சட்டைகளை நீ பட்டை பட்டையாக நறுக்கிக்கொண்டிருந்தாயே, அவற்றை நான் தூக்கி எறியவில்லை. "பாப்பாவுக்குப் போர்வ தைக்கப் போறேன் அத்த" என்றாய். "அவன் சட்டமேல கத்தரி வைக்க உனக்கு எப்படிடி மனசு வந்துது?" என்று பிடுங்கிக்கொண்டேன். நீ பிள்ளையோடு கிளம்பிவிட்டாய்.

நீ போன பிறகு போனில் போர்வைக்கு டிசைன் தேடிக்கொண்டிருந்தேன். நட்சத்திரம், படிக்கட்டு, பாய் முடைந்தது போல ஒன்று. எல்லாவற்றிலும் பட்டையை மறுபடி சதுரமாக வெட்டச் சொல்கிறார்கள். ஏற்கெனவே வெட்டியது போதாதா? எரிச்சலில் மூடிவிடுவேன்.

போன வாரம் ஒன்று கிடைத்தது. எல்லாப் பட்டைகளையும் நுனியோடு நுனி சேர்த்து ஒரே நாடாவாகத் தைக்க வேண்டும். பிறகு அந்த நாடாவின் இரண்டு முனைகளையும் சேர்த்து இரண்டாக மடித்து, ஓரத்தோடு நீளவாக்கில் தையல் போட வேண்டும். அவ்வளவும் தைத்துவிட்டேன். கல்யாணச் சட்டைக்குப் பக்கத்தில் நோணாங்குப்பத்துக்குப் படகு ஓட்டப் போட்டுப் போவானே, அந்த நீலச் சட்டை வந்திருக்கிறது.

கடைசியில்தான் சொல்கிறார்கள், மடிப்பில் ஒரு வெட்டு போட்டு விரித்தால்தான், மேலும் மடித்துத் தைத்துப் போர்வையாக்க முடியுமாம். கத்தரிக்கோலை வைத்துப் பார்த்தேன். எனக்குக் கை வரவில்லை.

மெரினையும் கூட்டிக்கொண்டு வா. கத்தரிக்கோல் தையல் மிஷின் மேலேயே இருக்கிறது.

உன் அத்தை