கீழ்மூலைச் செய்தி

ஜூலை 4
"சுர்மா ஆறு கட்டுக்குள் இருக்கிறது" என்று அரசாங்க டிவியில் செய்தி வாசிப்பவர் வாசித்தார். பக்கத்தில் நின்று அதைக் காது கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்வது என் வேலை. திரையின் கீழ்மூலைப் பெட்டியில் தெரிவேன். வெள்ளக் கட்டுப்பாட்டு அறை அனுப்பிய எச்சரிக்கை குப்பைக்கூடையில் கிடந்ததை நான் பார்த்திருந்தேன். ஆற்றங்கரையில் என் தங்கை பகுல் இருக்கிறாள், அவளுக்குக் காது கேட்காது. கை தானாகப் போய்விட்டது: "தண்ணீர் ஏறுகிறது. மேட்டுக்குப் போங்கள்."

நிலையத்தில் வேறு யாருக்கும் சைகை தெரியாது. ஐயோ, என்ன செய்து வைத்திருக்கிறேன்?

ஜூலை 5
பகுல் மேட்டுக்குப் போய்விட்டாள். அப்பாடா.

ஜூலை 8
மின்வெட்டே வராது என்றார் அமைச்சர். "மெழுகுவத்தி வாங்கி வையுங்கள்" என்றேன் நான். ருசி கண்டுவிட்டேன் – இனி நிறுத்துவேனா?

ஜூலை 11
டீக்கடையில் செய்தி மறுஒளிபரப்புக்குக் கூட்டம். காது கேளாத தையல்காரர் ஒருவரை நடுவில் உட்காரவைத்து, என் சைகையைப் பார்த்து அவர் எழுதிக் காட்டுவதைப் படிக்கிறார்கள். கடைக்காரர் கத்துகிறார்: "டேய், டிவி சத்தத்தைக் குறைடா! செய்தி தெரிய வேண்டாமா?"

ஜூலை 13
இயக்குநர் முயீன் சாகிப் கூப்பிட்டார். செத்தேன் என்றுதான் போனேன்.

"மக்கள் நம்மள நம்புறாங்க ஷியூலி! செய்தி பாக்குற கூட்டம் ஏறிக்கிட்டே போகுது. உன் பெட்டியப் பெருசாக்கச் சொல்லிட்டார் அமைச்சர்."

செய்தி நடுநிலையாக இருக்கிறதா என்று பார்க்க மேற்பார்வைக் குழு வேறு வந்தது. என் கைகளையே உற்றுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு குறை சொன்னார்கள்: "வளையல் போட்டுக்கங்க."

ஜூலை 16
தண்ணீர் தெருமுனைக்கு வந்துவிட்டது. தெருவே காலி. கீழ்வீட்டு நிதாய் மாமா மட்டும் அசையவில்லை. கண் தெரியாதவர், டிவி அவருக்கு வெறும் குரல்தான்.

"மாடிக்கு வாங்க மாமா, ஆறு ஏறுது."

"போடி பைத்தியம். கட்டுக்குள்ள இருக்குன்னு இப்பத்தான் சொன்னாங்க."

"பொய் மாமா!"

"அரசாங்க டிவி பொய் சொல்லுமா? டிவியில சொல்லட்டும், ஏறுறேன்."

ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் சொன்னேனே, இந்த மனுஷனுக்கு எப்படிச் சொல்றது? என் பெட்டிக்கு மைக் கிடையாதே.

ஜூலை 17
வாசிப்பவரின் மைக் எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஜூலை 18
வேலை போச்சு. கீழ்வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர். நிதாய் மாமா என் கட்டிலில் உட்கார்ந்து கிச்சடி சாப்பிடுகிறார்.

"நேத்து டிவியில ஒரு பொண்ணு கத்துச்சு பாரு, 'ஆறு ஏறுது, ஓடுங்க'ன்னு! செவுத்தப் பிடிச்சுக்கிட்டே ஏறி வந்துட்டேன். நீயும்தான் சொன்னே... ஆனா டிவியில சொல்ற மாதிரி வருமா?"