ஜாதிக்காயும் காந்த பிரேக்கும்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டில் மீன் வாசமே இல்லை. இந்த நேரம் பார்த்து உங்கள் மனைவி, என் அக்கா, என்ன கேட்டாள் தெரியுமா? "தம்பி, எனக்கு ஒரு ரீல் வாங்கிக் குடுலா. தூண்டில் போடணும்."

நீங்கள் கண்ணை மூடிய நாளிலிருந்து கோயிலையும் காய்கறி வாங்கும் பாசாரையும் தவிர வேறெங்கும் போகாதவள். எனக்குச் சந்தோஷம்தான், பயமும்தான். முதல் வீச்சிலேயே தூண்டில் நரம்பு சிக்கி, கம்பைப் போட்டுவிட்டு மறுபடியும் அறைக்குள் போய்விட்டால்?

உங்கள் பழைய ரீல் இருக்கிறது. ஆனால் பிரேக்கைக் கூட்டிக் குறைக்க மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் குட்டிக் கட்டைகளை நகத்தால் நகர்த்த வேண்டும். மணலில் ஒன்று விழுந்தால் போச்சு.

தூண்டில் சாமான் விற்கும் சீனத் தவுக்கே கடையில் நான் பளபளவென்று ஒன்றை எடுத்தேன். "மினுக்கப் பாக்காதடா, பிரேக்கப் பாரு" என்று நீங்கள் அதட்டுவது காதில் விழுந்தது. வைத்துவிட்டேன். கைக்கு அடக்கமான விலையில், வெளியிலேயே விரலால் திருகும் காந்த பிரேக் வைத்த ஒன்றை வாங்கினோம். வெளியே போகும் நரம்பைவிட அதைச் சுற்றிவைத்த உருளை வேகமாகச் சுற்றினால்தானே சிக்கு விழுகிறது? காந்தம் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புத்தி உங்களால் வந்தது, மச்சான்.

புரட்டாசியில் நீங்கள் செய்ததையே செய்தோம். தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு, பாலிக் புலாவ் ஊர் ஜாதிக்காய் ஒன்றைத் துணியில் முடிந்து நரம்பு நுனியில் கட்டிக்கொண்டு பாடாங்குத் திடலுக்குப் போனோம். "மீனுக்குத்தான் லீவு, கைக்கு இல்லலா" என்பீர்களே.

பிரேக்கை முழுக்க இறுக்கிக் கொடுத்தேன். அக்கா வீசினாள், காய் காலடியிலேயே விழுந்தது. "என்னடா இது, வெத்தல துப்புற மாதிரி" என்று அக்கா சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள், காயும் தள்ளித் தள்ளிப் போய் விழுந்தது. ஆசை யாரை விட்டது? ஒரேயடியாகத் தளர்த்திவிட்டாள். நரம்பு குருவிக்கூடாகிவிட்டது.

ரீலைப் பிடுங்கப் போனேன்.

"விடுலா தம்பி." அப்படியே புல்லில் உட்கார்ந்தாள். "ஒங்க மச்சான் சிக்கவச்சதயெல்லாம் இத்தன வருசமா யாரு பிரிச்சதுன்னு நெனச்ச?"

அடப்பாவி மச்சான். "என் ரீல் சிக்கினதே இல்ல" என்று எங்களிடம் என்ன பீற்றல் பீற்றினீர்கள். வாய்க்குள் உங்களைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு சுருக்காக எடுத்தாள். கண் கலங்கியிருந்தது, விரல் நிற்கவில்லை. பிரித்து முடித்தவள் எழுந்து மறுபடியும் வீசினாள்.

புரட்டாசி முடிந்ததும் அவளைக் கடலுக்குக் கூட்டிப்போவேன். எத்தனை முறை சிக்கினாலும் அவள் ரீலில் கை வைக்கமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் பீற்றலை அப்படியே நம்பிய,
ஆசை மச்சினன்