தட்டு எப்போது பந்தாயிற்று?

மார்ச் 4, செவ்வாய்
மாடியில் குடியிருக்கும் பூபாலன், காவலூர் வானாய்வகத்தில் ஒப்பந்தத்தில் கணினி நிரல் எழுதுபவர், ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். தட்டுப் போலச் சுழலும் விண்மீன் கூட்டம். ஒவ்வொரு வளையத்திலும் விண்மீன்கள் என்ன வேகத்தில் ஓடும்? முப்பத்தோராண்டு கல்லூரியில் கணிதம் நடத்தியவளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்? சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்: "உள்ளே இருப்பதன் மேல் வெளி வளையங்களின் ஈர்ப்பு சமனாகிப் பூஜ்யமாகும். நீக்கவும்." கான்வென்டில் மதர் கற்றுத்தந்த பாடம்.

மார்ச் 6
நீக்கிவிட்டாராம். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், மேடம்."

மார்ச் 10, திங்கள்
உட்புற விண்மீன்களின் வேகம் கூடுதலாக வருகிறது. தொலைநோக்கியில் அளந்ததோடு ஒட்டவில்லை. வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. மாதக் கடைசியில் குடும்பத்தோடு காவலூரை விட்டே போக வேண்டியதுதான். "நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேங்க." என் வரியை அவர் சந்தேகிக்கவில்லை. நானும்தான்.

மார்ச் 11
மதர் சொன்னது கோளத்தைப் பற்றி; பந்தின் ஓட்டுக்குள் இருந்தால்தான் எல்லாப் பக்க இழுப்பும் சமனாகும். தட்டு எப்போது பந்தாயிற்று?

எவர்சில்வர் தட்டின் விளிம்பில் பன்னிரண்டு புளியங்கொட்டை. மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஓர் உளுந்து. ஒவ்வொரு கொட்டையும் உளுந்தை எவ்வளவு இழுக்கும் என்று போட்டுக் கூட்டினேன். மூன்று முறை.

"இன்னாம்மா, சோறு துன்ற தட்டுல பல்லாங்குழி ஆடிக்கினு கீறீங்க?" என்றாள் வேலைக்கு வரும் முனியம்மா.

பூஜ்யம் வரவில்லை. உளுந்து வெளிப்பக்கம் இழுபடுகிறது!

அப்படியானால் அத்தனை கோடி விண்மீன்களும் — உள்ளே இருப்பவை மையத்துக்கு இழுக்க, வெளியே இருப்பவை தம் பக்கம் இழுக்க, விழாமல், சிதறாமல், ஓடிக்கொண்டே... நானோ வெளியே உள்ளதையெல்லாம் ஒரே கோட்டில் அடித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். அவர்கிட்டகூட ஒரு தடவை 'தப்பு என்னுது'ன்னு சொன்னதில்ல. இப்போ வாடகைக்கு இருக்கிறவர்கிட்டயா?

ஆமா. அவர்கிட்டதான்.

மார்ச் 12
பதினெட்டுப் படி ஏறினேன்.

"தப்பு உங்களோடது இல்ல, பூபாலன். என்னோடது."

"மொதல்ல உக்காந்து தண்ணி குடிங்க மேடம். மூச்சு வாங்குது பாருங்க."

நீக்கியதைத் திரும்பச் சேர்த்தார். திரையில் வேகக் கோடு மெல்ல இறங்கி, அளந்த புள்ளிகளின் மேல் போய் உட்கார்ந்தது.

மார்ச் 31
மாடியில் துணி காய்கிறது. பூபாலன் இன்று புதுக் கணக்கு கொண்டுவந்தார்: இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று உரசிக் கடந்தால் என்ன ஆகும்?

சிவப்புப் பேனாவைத் திறந்தேன். மூடிவைத்துவிட்டுப் பென்சிலைச் சீவினேன்.