ஃபான் அண்ணன் விட்டுப்போன வார்த்தை

டோக்மோக்,
செப்டம்பர் 20

மகன் மெதெருக்கு,

இங்கே நலம். சீனத்துக் கேச்சியாவோவில் நீயும் நலமாக இருக்க வேண்டும். குரல் செய்தி அனுப்பாமல் அம்மா ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். நான் பேசி அனுப்புவதை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் தங்கை சொன்னாள். காகிதத்தை அப்படி ஓடவிட முடியாது. துணி வாங்க அங்கே வரும் கன்யஷாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

இடுப்பு பரவாயில்லை. ஜூலையில் உள்ளே வைத்த இரும்பு காலையில் மட்டும் கொஞ்சம் முறைக்கிறது. வீட்டுக்குள் கோலில்லாமல் நடக்கிறேன். குளிர்காலம் முடியும்வரை நீண்ட பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தக்காளியை ஜாடிகளில் அடைத்து முடித்தேன். உனக்கென்று பதினாறு ஜாடி ஒதுக்கி வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்வதும் விடுவதும் உன் விருப்பம்.

ஃபான் அண்ணன் இறந்துவிட்டார், மெதெர். ஜூலை பத்தாம் தேதி. அவர் மகள் சூச்சின் அன்றைக்கே உனக்குத் தெரிவித்தாள். உனக்குத்தான். நான் மருத்துவமனையில் இருந்தேன், என் ஃபோன் பெட்டிக்குள் கிடந்தது.

அவள் எழுதியது சின்னச் செய்தி. எங்கப்பா லாவ் லெ, அம்மாகிட்ட சொல்லுங்க. அவ்வளவுதான். உன் மொழிபெயர்ப்புக் கைக்கருவி அதை நம் மொழிக்கு மாற்றி, அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று உனக்குக் காட்டியது. கருவியைக் குறை சொல்லமாட்டேன். அந்த இரண்டு அசைகளின் பொருள் அதுதான். ஆனால் அவர்கள் ஊரான கான்சு பக்கத்தில் வீட்டுப் பெரியவரைப் பற்றி இறந்துவிட்டார் என்று எந்தப் பிள்ளையும் வாய்திறந்து சொல்லாது. லாவ் லெ என்று சொல்லித் தலையைக் குனிந்துகொள்ளும். ஒரு சாவு வீட்டு வாசலில் பத்து நிமிடம் நின்றவனுக்குக்கூட இது தெரியும்.

நீ என்ன பதில் அனுப்பினாய் என்று நினைவிருக்கிறதா? எல்லாருக்கும் வயதாகும், அது இயற்கை, அப்பாவுக்கு நல்ல சாப்பாடு கொடுங்கள் என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வைத்தாயாம். பிணம் கூடத்தில் கிடக்கும்போது சூச்சின் அதைப் படித்தாள்.

இதெல்லாம் எனக்கு மூன்று நாள் முன்புதான் தெரிந்தது. நிலவுத் திருநாளுக்கு வாழ்த்துச் சொல்ல வருடா வருடம் அண்ணனைக் கூப்பிடுவேனே, அப்படிக் கூப்பிட்டேன். சூச்சின் எடுத்தாள். அப்பாவிடம் கொடு என்றேன். "அத்தே, வெளையாடுறீங்களா? அவரைப் புதைச்சு ரெண்டு மாசமாச்சு" என்றாள். எனக்குக் கோல் கைநழுவி விழுந்தது. தெரியாது என்று நான் சொல்லச் சொல்ல அவள் நம்பவில்லை. "உங்க புள்ள மூணு வருஷமா எங்க நாட்டுலதான இருக்கான்? எங்க சோத்தத் தின்னுட்டு இது கூடத் தெரியாதா அவனுக்கு?" என்று கேட்டாள். கடைசியாக ஒன்று சொன்னாள். "அப்பா போறதுக்கு முந்தின நாள் உங்களுக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. சிரிச்ச மூஞ்சி அனுப்புன வீட்டுக்கு அதை நான் ஃபோன்ல சொல்ல மாட்டேன்." வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

அண்ணன் என்று நான் அவரைச் சொல்வது உனக்கு எப்போதும் உறுத்தும் என்று தெரியும். அதனால் அந்தக் குளிர்காலத்தைப் பற்றி ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

தொண்ணூற்று நான்கில் தையல் ஆலையை மூடினார்கள். ஜிப்பும் பொத்தானும் வாங்கி வந்து விற்க எல்லை தாண்டி உருமுச்சிக்குப் போனேன். நானும் மொழிபெயர்க்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டுதான் போனேன், ரஷ்ய மொழி படித்தவர், கழுத்துப்பட்டை எல்லாம் கட்டியிருந்தார். ஃபான் அண்ணன் கடையில் விலை கேட்கச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடி நீளமாக என்னவோ பேசினார். ஒரு முக்காலியைக்கூட இழுத்துப் போட்டார். கழுத்துப்பட்டைக்காரர் என் பக்கம் திரும்பி, "இப்ப முடியாதுங்கிறாரு" என்றார். கோபமாக எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் அந்த ஆள் வரவில்லை, எனக்கோ வேறு கடை தெரியாது. திரும்ப அங்கேயே போனேன். அண்ணி என்னைப் பார்த்ததும் ஒரு கிண்ணம் நூடுல்ஸை முன்னால் வைத்தாள்.

முதல் நாள் அவர் என்ன சொன்னார் என்பது நான்கு மாதம் கழித்து, எனக்கே காது திறந்த பிறகுதான் தெரிந்தது. "இந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு, காலைலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கலை போல. மொதல்ல சாப்பிடட்டும், வெல பேசறது இப்ப முடியாது." வாக்கியத்தின் வாலை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டு, உடம்பை அந்த மனிதர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து நடுவில் ஆள் வைத்ததில்லை.

அந்த வருடம் பனியில் கணவாய் மூடிவிட்டது. ஐந்து மாதம் அவர்கள் கடையின் பின்னறையில் இருந்தேன். அகராதி கிடையாது. அண்ணனுக்குச் சந்தை ரஷ்யன் கொஞ்சம் தெரியும், ஆனால் அதை என்னிடம் பேசமாட்டார். கெஞ்சினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவார். நான் முதலில் கற்ற சொல் பொத்தானும் இல்லை, விலையும் இல்லை. "சுவான் லெ." விட்டுத் தள்ளு என்று பொருள். அண்ணி அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வாள், பெரும்பாலும் அண்ணனைப் பார்த்து.

தப்பு செய்யாமலா கற்றேன்? வாசலில் அவர்கள் "மன் த்ஸோ" என்று சொல்வதைக் கேட்டு, வாசலில் சொல்லும் வணக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அது வழியனுப்பும் சொல், பார்த்துப் போங்கள் என்று அர்த்தம். ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களை எல்லாம் பல்லைக் காட்டி வாசலிலேயே வழியனுப்பியிருக்கிறேன். மூன்று பேர் திரும்பிப் போய்விட்டார்களாம். அண்ணன் திட்டவில்லை. முக்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "தங்கச்சி, நீ இங்க இருக்கற வரைக்கும் போட்டிக் கடைக்காரன் நல்லா இருப்பான்" என்றார். அதிலிருந்துதான் என்னைத் தங்கை என்று கூப்பிட ஆரம்பித்தார். என் தப்புகளை எல்லாம் ஒரு மனித முகத்துக்கு முன்னால்தான் செய்தேன், அந்த முகம்தான் அவற்றைத் திருத்தியது. உன் தப்பை உனக்கு யார் சொன்னார்கள்? அது ஒரு சிரித்த முகமாக அவர்கள் வீட்டில் இரண்டு மாதம் கிடந்திருக்கிறது.

அப்போது உனக்கு எட்டு வயது. அப்பாவுடன் இருந்தாய். நான் வசந்தத்தில் திரும்பி வந்தபோது கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றாய். அந்த ஐந்து மாதத்தை நீ இன்னும் இறக்கி வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த மொழி உன் வாயில் ஏறாமல் இருப்பது அதனால்தானோ என்னவோ. அதற்காக இன்றும் நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். அந்த ஜிப்புகளால்தான் நீங்கள் இருவரும் படித்தீர்கள். ஆனால் நீ கதவுக்குப் பின்னால் நின்றதை நான் மறக்கவில்லை என்பதையாவது தெரிந்துகொள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஜூலையில் நீ மருத்துவமனைக்குக் கூப்பிட்டபோது, "ஃபான் மாமாவுக்கு வயசாயிடுச்சாம்மா, அவங்க பொண்ணு எழுதியிருக்கா" என்று நம் மொழியில் சொன்னாய். நான் சிரித்தேன். "இப்பதான் தெரிஞ்சுதாமா அவளுக்கு" என்று கேலி பேசினேன். நீ அந்த இரண்டு அசைகளை அப்படியே என் காதில் போட்டிருந்தால் போதும், மயக்க மருந்திலும் எழுந்து உட்கார்ந்திருப்பேன். நீ போடவில்லை. ஆனாலும் அன்றைக்குச் சிரித்தது நான்தான்.

வியாழக்கிழமை, இறந்தவர்களுக்கு நாம் செய்வதுபோல, அவர் பெயரைச் சொல்லி எண்ணெயில் ஏழு ரொட்டி பொரித்து அக்கம்பக்கம் கொடுத்தேன். சீனனுக்கா என்று ஒருத்தி கேட்டாள். என் அண்ணனுக்கு என்றேன்.

அக்டோபர் பதினேழு அவருக்கு நூறாவது நாள் சடங்கு. தியான்சுய்க்குப் பக்கத்தில் அவர்கள் கிராமம், முகவரி பின்பக்கம் இருக்கிறது. நீ போக வேண்டும். சரக்கு, கெடு என்று எதையும் எனக்குச் சொல்லாதே. இரண்டு நாள் முன்னதாகவே போ. தியான்சுய் நிலையத்தில் இறங்கியதும் கருவியை அணைத்துப் பையின் அடியில் போடு. யாரையும் கூட அழைத்துப் போகாதே. அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரமாட்டேன். எழுதித் தந்தால் அதைப் படித்துக் காட்டிவிட்டு வந்துவிடுவாய். சமையலறையில் உட்கார். அவரைப் பற்றி அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேள். அதிலிருந்து உனக்கு எது வாயில் வருகிறதோ அதைச் சொல், கோணலாக இருந்தாலும் சொல்.

சூச்சின் திட்டுவாள். முழுவதையும் கேள். புரியாத இடத்திலும் எழுந்துவிடாதே. சோறு வைக்காமல் அனுப்பினால் மறுநாளும் போ.

அவள் மனம் இறங்கினால், அவர் எனக்குச் சொன்ன வார்த்தை என்ன என்று கேள். அதை நம் மொழியில் மாற்றாதே, மெதெர். பொருள் என்ன என்று யாரிடமும் விசாரிக்காதே. அவள் வாயில் எப்படி வருகிறதோ, எங்கே ஏறி எங்கே இறங்குகிறதோ, அப்படியே உன் வாயில் ஏந்திக்கொண்டு வந்து என் காதருகே சொல். ஃபோனில் வேண்டாம். இங்கே வந்து சொல். இம்முறை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நிற்பேன்.

நம் பெரியவர்கள் வழியனுப்புவதுபோல, உன் வழி வெண்மையாக இருக்கட்டும்.

அம்மா,
புருல்சா