‘போலாமா’ என்ற சொல் தவறாகக் கொள்ளப்பட்டது குறித்து

அனுப்புநர்:
இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை,
பேருந்துப் பணிமனை ஊழியர்.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: ஆட்டிசம் உள்ள என் மகளை டயப்பர் அணிவித்தே அனுப்ப வேண்டும் என்ற பள்ளியின் உத்தரவை விலக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகளுக்குக் கழிப்பறைப் பழக்கம் வர நெடுநாள் ஆயிற்று. தண்ணீர் கொட்டும் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள். அவளை உட்கார வைக்க நானும் என் மனைவியும் உள்ளே நின்று பாடாத பாட்டில்லை. பக்கத்து வீட்டார் சண்டை என்று நினைத்துக் கதவைத் தட்டியதும் உண்டு.

2. என் மனைவி அவ்வப்போது “போலாமா?” என்று கேட்டு அழைத்துப் போவாள். மகளோ காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்பவள். ஒருநாள் விளையாட்டை விட்டெழுந்து, அம்மாவின் குரலிலேயே “போலாமா?” என்றாள். போனோம், காரியம் முடிந்தது. என் மனைவி அழுதாள், நானும்தான். அதுமுதல் அவளுக்குக் கழிப்பறையின் பெயரே அதுதான்.

3. இதை வகுப்பாசிரியையிடம் சொல்லியிருந்தோம். டயப்பர் இல்லாமலே பள்ளிக்குப் போய் வந்தாள். பிறகு அவர் மகப்பேறு விடுப்பில் சென்றார். புதிதாக வந்தவருக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகக் கேட்கிறாள் என்றெண்ணி, “மணி அடிச்சதும் போலாம், உக்காரும்மா” என்று ஒவ்வொரு முறையும் அன்பாகவே உட்கார வைத்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஊரார் யாராயிருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பார்கள்.

4. உடை நனைந்தது, பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள், உத்தரவு வந்தது. விளக்கச் சென்றபோது தலைமையாசிரியை, “நீங்க சொல்றது புரியுது. ஆனா டயப்பர் போட்டே அனுப்புங்க, எல்லாருக்கும் நிம்மதி” என்றார். அந்த ‘எல்லாரில்’ என் மகள் இல்லை. இப்போது வீட்டிலும் அவள் வாய் திறப்பதில்லை. நனைந்தபின் மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். இனி டயப்பரும் போட்டால், கற்றதில் மிச்சம் இருப்பதும் போய்விடும். என் வருத்தமெல்லாம் இதுதான் ஐயா.

5. யாரையும் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உத்தரவை மட்டும் விலக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மேலும், என் மகள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் மீண்டும் கேட்கத் தொடங்கும்வரை, வகுப்பில் இருப்பவர் எவராயினும் அருகே சென்று அவளிடம் “போலாமா?” என்று கேட்க வேண்டும் எனத் தாங்கள் ஆணையிட வேண்டும்.

நாள்: 12.08.2024
இடம்: பள்ளி வாயில்

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மாணவியின் தந்தை