முன் இடது சக்கரம்

சம்பந்தி,

இன்று காலை உங்கள் காரின் முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன். சோப்புப் போட்டுக் கழுவி, எலுமிச்சைத் தோலால் தேய்த்து, மறுபடியும் சோப்புப் போட்டும் பிரேக் தூளின் கருகல் வாடை விரல் இடுக்கை விட்டுப் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் என் மனைவி, “அந்தக் கையோட சோத்தப் பெசையாதீங்க, இந்தாங்க,” என்று ஸ்பூனை நீட்டினாள். ரசம் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்ட எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். போன பிறகும் ஒரு மனிதர் இப்படிப் பாடாய்ப் படுத்த முடியுமா?

என் பெண்ணை உங்கள் பையனுக்குக் கொடுத்தபோது இதையெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். நான் முதலியார்பேட்டையில் ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாத ஓய்வுபெற்ற குமாஸ்தா. பெண் கொடுத்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று நிச்சயதார்த்தத்தன்றே மனைவி சொல்லிவிட்டாள். அதனால் நீங்கள் எதைச் சொன்னாலும் “சரிங்க சம்பந்தி” என்பதே என் பேச்சாகிவிட்டது. என் கேடுகாலம் அதில்தான் ஆரம்பித்தது.

மாப்பிள்ளை சென்னையில் வேலை பார்த்தபோது ஆசைப்பட்டு வாங்கிய சிவப்பு நிற ஜெர்மன் கார் அது. மிதித்தால் பறக்கும் என்பார்கள். அவரும் என் பெண்ணும் பிரான்சுக்குப் போனபோது அதை உங்கள் ஷெட்டில் விட்டுப் போனார்கள். பேரப்பிள்ளை பிறந்ததும் சம்பந்தியம்மாவும் அங்கே போய்விட்டார். வீட்டில் மிஞ்சியது நீங்களும் அந்தக் காரும். பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கும்படி அது கீச்சிட்டது.

எந்தச் சக்கரம் கத்துகிறது என்று கண்டுபிடிக்க நீங்கள் வைத்த வழி எனக்கு இன்றும் கூச்சம் தருகிறது. நீங்கள் நத்தை வேகத்தில் காரை ஓட்டுவீர்கள். நான் பக்கத்திலேயே குனிந்து, காதைச் சக்கரத்துக்குக் கொடுத்தபடி நடக்க வேண்டும். “தூஸ்மான், சம்பந்தி, தூஸ்மான்! மெதுவா நடங்க, நல்லாக் கேளுங்க.” வெயிலில் இடுப்பு விட்டுப் போகும். ஒருநாள் சைக்கிளில் போன பெண்மணி நின்று, “என்னாத்தத் தொலைச்சிட்டீங்க சார்?” என்று கேட்டுவிட்டு, அவரும் என்னோடு தரையைத் தேட ஆரம்பித்தார். நீங்கள் ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். முன் இடது சக்கரம் என்று கண்டுபிடித்தவன் நான்தான்.

பிறகு மெக்கானிக் படலம். முதல் ஆள் தூசி என்று தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார். அடுத்தவர் பிரேக் பேட்டைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துக் கொடுத்தார். கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி கத்தியது. மூலக்குளத்து மெக்கானிக் சக்கரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “பேட் தடியா இருக்கு சார். ஸ்போர்ட்ஸ் காருன்னா அப்படித்தான் கத்தும்,” என்றார். நான் மனதுக்குள் அவருக்குக் கோயில் கட்டினேன். நீங்கள் திரும்பி வரும் வழியெல்லாம் பிரேக்கை மிதித்து மிதித்துக் கேட்டுக்கொண்டே வந்தீர்கள்.

அந்த வருஷம் பிள்ளைகள் லீவுக்கு வந்தார்கள். கைக்குழந்தையோடு சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். புறப்படும் நேரத்தில் நீங்கள் கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றீர்கள்.

“சத்தம் மாறிடுச்சிடா. முன்னெல்லாம் கீச்சுனு இருந்துச்சு. இப்ப பிரேக்க மிதிச்சா கரகரன்னு அரைக்குது. கழட்டிப் பாக்காமத் தர மாட்டேன்.”

“ஒரு வருஷமா இதே பேச்சுதான். உங்களுக்கு வேற வேலயே இல்லயாப்பா?” என்று மாப்பிள்ளை கத்தினார். குழந்தை அலறியது. என் பெண் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையும், “மாமா, நீங்களாவது சொல்லுங்க,” என்றார்.

நான், “ரெண்டு பேரு சொல்றதும் ஒரு வகைல சரிதான்,” என்றேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்களே ஜாக்கி போட்டீர்கள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேட் இருக்கும் என்பதும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான் தெரியும் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது. வெளிப்பக்கத்துப் பேட் தடியாகத்தான் இருந்தது. உள்பக்கத்தில் பேட்டே இல்லை. வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருந்தது. பேட்டைப் பிடித்திருக்கும் கேலிப்பர் நகர வேண்டிய முளைகள் கடல் காற்றில் துருவேறி இறுகிப் போயிருந்தன. நீங்கள் அந்தத் தகட்டை மாப்பிள்ளையின் கையில் வைத்தீர்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். வாடகைக் காரில் கல்யாணத்துக்குப் போனார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். டிஸ்க் புதிது, முளைகளுக்குக் கிரீஸ், எல்லாம் ஆயிற்று. ஆனால் பந்தயக் காருக்குப் போடுகிற கெட்டிப் பேட்டைப் பிரான்சிலிருந்து தருவித்து மாட்டினீர்கள். அது சூடேறும்வரை கத்தும். சாதாரண பேட் போட்டால் கத்தாது என்று மெக்கானிக் சொன்னார். “பிடிமானம் கொறைஞ்சிடும்,” என்றீர்கள். சம்பந்தி, அந்தக் காரை நீங்கள் ஒருநாளும் நாற்பதுக்கு மேல் ஓட்டியதில்லை!

மறுநாளே போன் செய்து, “மறுபடி கத்துது, வாங்க,” என்றீர்கள். வந்தேன். குனிந்தேன். நடந்தேன். தெருமுனையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அங்கேயே நின்று, உங்கள் கார் பானட்டில் கையால் ஓங்கி அடித்தேன்.

“கத்தக் கூடாதுன்னா அந்தப் பேட்ட மாத்துங்க! மாத்த மாட்டேன்னா கத்திட்டுப் போவட்டும்னு விடுங்க! ரெண்டும் இல்லாம என் உசுர எதுக்கு வாங்குறீங்க?”

பெண் கொடுத்த இடம். நீங்கள் இன்ஜினை அணைத்துவிட்டு மெதுவாக இறங்கினீர்கள்.

“அப்பாடா! கல்யாணம் முடிஞ்சதுலேருந்து நீங்க என்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன். சரிங்க, சரிங்கன்னு... செவுத்துகிட்ட பேசுற மாதிரி இருந்துச்சி.”

அன்றைக்குப் பிறகு நாம் சண்டை போடாத நாள் இல்லை. கார், அரசியல், மீன் குழம்புக்கு மாங்காய் போடலாமா கூடாதா, எல்லாவற்றுக்கும். கல்யாணத்தில் கிடைக்காத உறவு அதில் கிடைத்தது. கெட்டிப் பேட்டை மட்டும் கடைசிவரை நீங்கள் மாற்றவில்லை.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நெஞ்சு வலியோடு படுத்திருந்தபோதும், “பையன் வண்டிய வித்துடுவான். வாங்குறவனுக்குச் சக்கரத்தக் கழட்டிக் காட்டுங்க,” என்றீர்கள். “மொதல்ல எழுந்து வாங்க, நீங்களே காட்டுவீங்க,” என்று அதட்டினேன். பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

மாப்பிள்ளை என்னிடம் விற்கச் சொல்லியிருந்த காரைப் பார்க்க இன்று காலை ஒரு இளம் தம்பதி குழந்தையோடு வந்தார்கள். “சத்தத்தப் பத்தி வாயத் தொறக்காதீங்க சார்,” என்று புரோக்கர் என் காதில் ஓதினார். நான் ஜாக்கியை எடுத்து வந்தேன். சக்கரத்தைக் கழற்றி உள்பக்கத்தையும் காட்டினேன். காலையில் ஏன் கத்தும், எந்தப் பேட் போட்டால் நிற்கும், உப்புக் காற்றுக்கு எதை அடிக்கடி பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண், “யோசிச்சிச் சொல்றோம்ங்க,” என்று கணவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். புரோக்கர் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போனார்.

மத்தியானம் மாப்பிள்ளை போன் செய்தார். “எதுக்கு மாமா அதெல்லாம் சொன்னீங்க? யாரு வாங்குவா இனிமே?”

“வாங்குனா தெரிஞ்சே வாங்கட்டும் மாப்ள. அவங்களும் கொழந்தையோடதான போவப் போறாங்க? மறைச்சி விக்கிறதா இருந்தா வேற ஆளப் பாத்துக்குங்க.”

சமையலறையில் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். போனில் மாப்பிள்ளையின் குரல் உடைந்து வந்தது.

“அப்பா போனதுலேருந்து என்கிட்ட யாருமே இப்படிப் பேசல மாமா. எல்லாரும் பாவம் பாவம்னே பேசுறாங்க. எனக்குச் சண்ட போட ஆளே இல்ல.”

நீங்கள் விட்டுப்போன வேலை எது என்று அப்போதுதான் புரிந்தது, சம்பந்தி. எனக்கு அது பிடிக்கவில்லை, இடுப்பும் வலிக்கிறது.

“நான் இருக்கேன் மாப்ள,” என்றேன். “போடுங்க.”